ரபேலின் அழுகைக்கு ஒரு பெட்டி

பணிமனைக் குடியிருப்பின் நான்காம் தெருவில், விளக்கு வைத்து அரைமணிகூட ஆகாத ஒரு புதன்கிழமை, அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. யார்டில் வண்டி கோக்கிற எஞ்சினின் கூவல் என்று பாதித் தெரு நினைத்தது, பூனை என்று மீதித் தெரு நினைத்தது, இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் சங்குதான் முன்னாலேயே ஊதிவிட்டதோ என்று கைக்கடிகாரத்தை உதறிக் காதில் வைத்துப் பார்த்தார். ஜெசிந்தாவுக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. பிறந்து பதினோரு நாளான பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு கிடாரைத் தொட்டுப் பார்க்கலாமென்று, வால்வு சூடேறட்டும் என அவள் போட்டுவைத்திருந்த பழைய ஆம்பிலிருந்து, கிடாரின் ஓசையைப் பெருக்குகிற பெட்டியிலிருந்து, வந்தது அது. கிடார் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது. வயர் சுருட்டியபடி ஆணியில் தொங்கியது. ஆம்பின் சிவப்பு விளக்கு மட்டும் எரிய, அதன் ஸ்பீக்கர் வழியாக ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

அவள் தொட்டிலைப் பார்த்தாள். ரபேலின் வாய் குருவிக்குஞ்சின் வாய்போலப் பிளந்திருந்தது, முகம் மாதுளம்பூவாய்ச் சிவந்திருந்தது. அந்த வாயிலிருந்து மூச்சு வந்தது, சூடு வந்தது, பால் வாசம் வந்தது. சத்தம் மட்டும் ஆறடி தள்ளி மூலையிலிருந்து வந்தது. அள்ளியெடுத்து மார்போடு வைத்தாள். ஆம்ப் விக்கியது, விம்மியது, பிறகு பால் குடிக்கிற ஓசையோடு அடங்கியது.

ரபேல் பிறந்தபோது அழவில்லை. நர்ஸ் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டினார், பாதத்தைச் சுண்டினார், வாய் திறந்தது, சத்தமில்லை. தொண்டை சரி, நுரையீரல் சரி, காது சரி என்று டாக்டர்கள் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து பத்து நாளும் ஜெசிந்தா கண்ணை மூடவில்லை. கண்ணை மூடினால் பிள்ளை அழுவான், அழுவது தனக்குத் தெரியாது, தெரியாமலே விடிந்துவிடும் என்பதுதான் அவள் பயம். அந்த ஒரு பயம் அவளுடைய மற்ற எல்லாப் பயங்களையும் தின்றுவிட்டு வீட்டுக்குள் பெருத்துக் கிடந்தது. ஆகவே அந்தப் புதன்கிழமை ஆம்ப் அழுதபோது அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, தூக்கம் வந்தது. பிள்ளையை மடியிலேயே போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நாலு மணி நேரம் தூங்கினாள்.

அவள் கணவன் சவரிநாதன் கூட்ஸ் வண்டி டிரைவர். போனால் மூன்று நாள், வந்தால் ஒரு நாள். அவன் வந்து, காலைக் கழுவிவிட்டு, பிள்ளை வாயைத் திறப்பதையும் மூலையில் சத்தம் கேட்பதையும் மாறி மாறி இரண்டு தடவை பார்த்தான்.

"ஹாரன் வண்டிக்கு மேல இருக்கு, கைப்பிடி என்கிட்ட இருக்கு. அதுக்காக ஹாரன் அடிச்சது நான் இல்லேன்னு சொல்லுவாங்களா?" என்றான். "வாய் அவன்கிட்ட இருக்கு, ஸ்பீக்கர் அங்க இருக்கு. அவ்வளவுதானே ஜெசி? சோறு போடு."

குடியிருப்பும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அங்கே எல்லோரும் ஃபிட்டர்கள், வெல்டர்கள், வைண்டிங் செக்‌ஷன்காரர்கள். ஒரு இயந்திரத்தின் சத்தம் அதன் உடம்பைவிட்டு வேறெங்கோ கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை, கரண்டு போனால் என்ன செய்வது என்று கேட்டார்கள். எலக்ட்ரிகல் பிரிவு ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இன்வெர்ட்டர் மாட்டினார்கள், பாட்டரியை வாரம் ஒருவர் பார்ப்பதென்று முறை வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பங்கஜம் அக்கா, கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி, மூன்று பெற்று வளர்த்தவள், அழுகையின் வகைகளைப் பத்தே நாளில் பிரித்துவிட்டாள். கீழ்க்கட்டையில் உறுமினால் வயிற்று உப்புசம், மேலே போய்க் கீச்சிட்டால் எறும்பு, நடுவில் நின்று இழுத்தால் பசி. அவன் தூங்கும்போது ஆம்ப் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று இரையும். தெருவில் போகிற சைக்கிள்காரர் அதைக் கேட்டால் மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். திருமுழுக்கு அன்று ஆம்பை நாலு பேர் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார், அழுகை பீடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது, அவர் திரும்பி அந்தப் பக்கமும் ஒரு சிலுவை போட்டுவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து ஆம்புக்கு முன்னால் கிள்ளிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே அழுதன.

"உன் புள்ள வளந்து பொய் சொன்னா நல்லா மாட்டுவான்டி. அவன் ஸ்கூல்ல சொல்ற பொய் வீட்ல கேக்கும்" என்பாள் பங்கஜம் அக்கா.

ஜெசிந்தா சிரிப்பாள். ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறியிருந்தது. முன்பு பிள்ளையின் முகத்தில் இருந்த பயம் இப்போது அந்தச் சிவப்பு விளக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிக்கப் போனாலும் விளக்கு எரிகிறதா என்று ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். சவரி வண்டிக்குப் போன நாட்களில் தான் தூங்கிப்போனால் யாராவது கேட்டு உள்ளே வரட்டும் என்று கதவை வெறுமே சாத்திவைத்தாள். வந்தவர்களும் போனவர்களும் அவர்களாகவே சாத்திக்கொண்டார்கள். பங்கஜம் அக்கா பாயோடு வந்து முன்னறையில் படுத்தாள். பிள்ளை, ஆம்ப், அக்கா என்று வரிசையாகக் கிடக்க, ஜெசிந்தா நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம், பசி அழுகை நடுவில் கரகரத்தது. மறுநாள் தும்மியது. அதற்கடுத்த நாள் பாதி அழுகையில் நின்றுபோய், ஆம்பின் முதுகில் ஓங்கித் தட்டியதும் மீதி வந்தது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது நாலு வால்வுகளில் ஒன்று உள்ளே புகையேறிக் கறுத்திருந்தது, இன்னொன்று நீலமாக மினுங்கியது.

தோபியாஸ் அண்ணன் வந்து பார்த்தார். பணிமனையில் ஆர்மேச்சர் சுற்றுகிறவர், மாலையில் மெல்லிசைக் குழுவுக்குத் தலைவர், கீபோர்டு வாசிப்பவர். ஜெசிந்தா அந்தக் குழுவின் லீட் கிடார், பாட்டின் நடுவே தனித்து வாசிக்கிறவள். கான்வென்ட் பள்ளியில் பாட்டு சிஸ்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூன்று 'கார்டு' ஸ்வரச் சேர்க்கைகளில் ஆரம்பித்து, குழுவில் இருந்த அத்தனை ஆண்களையும் ஓரங்கட்டி அந்த இடத்துக்கு வந்திருந்தாள்.

"இதுக்கு வால்வு தேடி நான் போன் போடாத ஊர் இல்ல. கிடைச்சாலும் ரெண்டு மாசம் ஓடும்" என்றார். "மாடலர் வாங்கிருவோம் ஜெசி. டிஜிட்டல் பெட்டி. நூறு ஆம்போட குணத்தையும் கணக்காப் போட்டு உள்ள அடைச்சு வச்சிருக்கான். கிடாரைச் சொருகி, கால்ல ஒரு மிதி மிதிச்சா எந்த ஆம்ப் வேணுமோ அது. அடுத்த மாசம் மாதா திருவிழாக் கச்சேரிக்கும் ஆச்சு."

"நூறு ஆம்ப் எதுக்குங்க தம்பி? நமக்கு இருக்கிறது ஒரு புள்ள" என்றாள் பங்கஜம் அக்கா.

"அந்த நூத்துல இவன் குரலுக்கு எது தோதோ அதைத் தேடணும்க்கா. செருப்புக் கடைக்குப் போனா எல்லாச் செருப்பையுமா வாங்குறோம்?"

"அவன் அதுக்குள்ள போகலேன்னா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. ஆம்ப் இரைந்தது. ரபேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

முதல் பெட்டியைக் கோயில் பாடகர் குழுப் பையன் ஒருவனிடம் இரவல் வாங்கினார்கள். சோப்பு டப்பா அளவு, உள்ளங்கைக்குள் அடங்கியது. அதைச் சோதிக்க வேண்டுமானால் பழைய ஆம்பை அணைக்க வேண்டும். ஐந்து மாதத்தில் முதல்முறையாகத் தோபியாஸ் அண்ணன் அந்த ஸ்விட்சைத் தட்டினார், சிவப்பு விளக்கு அவிந்தது, ஏழு பேர் தொட்டிலைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையைக் கிள்ள ஜெசிந்தா சம்மதிக்கவில்லை, பால் நேரம் வரட்டும் என்றாள். முக்கால் மணி நேரம் நின்றார்கள். ரபேல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். பெட்டியில் செருகிய சின்ன ஸ்பீக்கர் களுக்கென்றது.

"வந்துருச்சு!" என்று கத்தினார் தோபியாஸ் அண்ணன். கத்தலில் பயந்து பிள்ளை அழுதான்.

அப்புறம் நடந்ததை நான்காம் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. பெட்டியில் கடைக்காரனே போட்டு அனுப்பிய நூற்றுச் சொச்சம் ஓசைகள் இருந்தன, ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். ஒன்றில் ரபேல் பெரிய மாதாகோயிலின் கோபுரத்துக்குள் இருந்து அழுவதுபோல எதிரொலித்தது, பங்கஜம் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்றில் தண்ணீருக்குள் இருந்து அழுதான். ஒன்றில் மெட்டல் ராக் வாசிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் அந்தக் கிழிசல் ஓசை. நான்காம் தெரு நாய்கள் அத்தனையும் வாலைச் சுருட்டிக்கொண்டு பணிமனைப் பக்கம் ஓடின. எல்லாம் அழகாக இருந்தன, எல்லாவற்றிலும் தேன் தடவியிருந்தது. பசியையும் வயிற்றுவலியையும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு அழகாக இருந்தன.

"கேக்க நல்லாருக்கு. ஆனா என்ன வேணும்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள் ஜெசிந்தா. பழைய ஆம்பை அவளே போட்டாள்.

இரண்டாவது பெட்டி டவுன் கடையிலிருந்து மூன்று நாள் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தது. தொடுதிரை, வண்ண வண்ணமாக விளக்குகள். இதில் அழுகை தெளிவாக வந்தது. எலக்ட்ரிகல் பிரிவு முழுவதும் இதுதான் என்று முடிவு கட்டியது. ஜெசிந்தா மட்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்திருந்தாள்.

"லேட்டா வருது" என்றாள்.

"எங்க லேட்டு? எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. கிடார் வாசிச்சுப் பாருங்க, விரல் ஒரு பக்கம் ஓசை ஒரு பக்கம் வழுக்கும். இமை தட்டுறதுல பாதி நேரம்தான். ஆனா அவன் முகம் சுருங்குது, அப்புறம் அழுகை வருது. அந்த இடைவெளியில என் புள்ள யாருமே இல்லாம தனியா நிக்கிறான்."

தோபியாஸ் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பெட்டியையும் பஞ்சு சுற்றித் திருப்பி அனுப்பினார். பழைய ஆம்பில் மூன்றாவது வால்வும் நீலமாக மினுங்க ஆரம்பித்திருந்தது. திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

மூன்றாவது, ஈரோட்டில் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் கனடாவுக்குக் குடிபோகிறார் என்று கேள்விப்பட்டு, சவரியே ஓய்வு நாளில் போய் மடியில் வைத்துக்கொண்டு வந்த பெட்டி. காலால் மிதித்து மிதித்துப் பெயிண்ட் போயிருந்தது. பார்க்க அழகில்லை, இரும்பு, தரையில் வைத்தால் நகராது. பணிமனைக்காரர்களுக்கு அதைத் தூக்கிப் பார்த்ததுமே மரியாதை வந்துவிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, உள்ளே இரண்டு பாதைகள். கிடார் ஒரு பாதையில் போகும்போது அதை உரசாமல் இன்னொன்று இன்னொரு பாதையில் போகலாம். "டபுள் லைன்" என்றான் சவரி, அவனுக்கு அது உடனே விளங்கியது. இன்னொன்று, தெரிந்த நூறு ஆம்ப் போதாதென்றால் கண்ணெதிரே இருக்கிற ஆம்பைக் கேட்டு அதைப் போலவே தன்னை மாற்றிக்கொள்ளும். ஆம்பின் முன்னால் ஒரு மைக் வைக்க வேண்டும், பெட்டி அதற்குள் சில ஓசைகளை அனுப்பும், திரும்பி வருவதைக் கேட்டு அதன் குணத்தைப் படித்துக்கொள்ளும். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் வேறு சத்தம் எதுவும் மைக்கில் விழக்கூடாது.

நாலு நிமிட மௌனம் அந்தக் குடியிருப்பில் யாரும் கண்டதில்லை. ஆனால் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு என்று சொல்லிவைத்தார்கள், சொன்னது சொன்னபடி பரவியது. மூன்று மணிக்கு நான்காம் தெரு மிக்சிகளை நிறுத்தியது, ஐந்தாம் தெரு குழாய்களை மூடியது, இட்லி மாவு ஆட்டுகிறவர் கிரைண்டரின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கிரிக்கெட் ஆடியவர்கள் அடித்த பந்தைப் பிடிக்காமல் போகவிட்டார்கள், யார்டில் ஷண்டிங் எஞ்சினை நிறுத்தி அதன் டிரைவர் இறங்கி நிழலில் குந்தினார், காகங்கள்கூட என்னவோ ஏதோ என்று தந்திக்கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. பெட்டி ஆம்புக்குள் ஓசைகளை அனுப்பியது: ஒரு உறுமல், ஒரு கீச்சு, மழை இரைச்சல் போல ஒன்று, மணல் கொட்டுவது போல ஒன்று. தொட்டிலில் ரபேல் தூக்கத்தில் புருவம் தூக்கினான், உதட்டைச் சப்பினான், கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான், எதற்கோ பதில் சொல்வதுபோல. நாலு நிமிடம் முடிந்ததும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தோபியாஸ் அண்ணன் பழைய ஆம்பை அணைத்தார். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று அதே இரைச்சல், அதே சீரில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

குடியிருப்பு முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. மிக்சிகள் ஓடின.

அடுத்த இரண்டு வாரமும் ஜெசிந்தா பெட்டியோடு குந்தியிருந்தாள். பெரும்பாலும் கழித்துக்கொண்டே போனாள்: எதிரொலி வேண்டாம், மினுமினுப்பு வேண்டாம். முதல் மிதிகட்டையில் சுத்தமான கிடார், இரண்டாவதில் லீட், இரண்டுக்கும் அடியில், எதை மிதித்தாலும் அறுந்துபோகாமல், ரபேலின் பாதை. கிடார் நேராக மைக்செட்டுக்குப் போகும். ரபேலின் பாதை இன்னொரு வாய் வழியாக அவளுடைய காதில் செருகும் இயர்போனுக்கு மட்டும் போகும். வீட்டில் இனிக்கிற ஓசை மேடையில் இரையும் என்று அவளுக்குத் தெரியும், ஆகவே ஒரு மாலை பணிமனை மைதானத்தில் பெரிய ஸ்பீக்கர்களை வைத்து, சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றி, அடிக்கட்டையை வெட்டி, மிதிகட்டைக்கு மிதிகட்டை ஏறாமல் இறங்காமல் சமன் செய்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் பங்கஜம் அக்கா கேட்டாள்: "சேவ் பண்ணிட்டியாடி?" அந்த வார்த்தையை அவள் அந்த வாரம்தான் கற்றிருந்தாள், கேட்காத வேளையில்லை.

திருவிழா அன்று சவரிக்கு வண்டி இருந்தது. நாலு மணிக்குச் சத்தம் சரிபார்த்தார்கள். மைக்செட்காரர் வில்வநாதன் வெளியூர், தொழில் தெரிந்தவர், பெரிய மிக்சருக்குப் பின்னால் நின்று காதைக் கூர்தீட்டிக் கேட்டார். அன்று ஜெசிந்தாவின் காதுக்குப் போவதும் அவர் மிக்சர் வழியாகத்தான் போனது. ரபேல் வயிறு நிறையக் குடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் தூங்கினான். ஜெசிந்தா சேலை மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள்.

"உங்க கிடார் லைன்ல ஒரு ஹம் இரையுது சார். ஜெனரேட்டர் எர்த்தா இருக்கும்" என்றார் வில்வநாதன்.

தோபியாஸ் அண்ணன் அப்போது கீபோர்டின் கால் ஆடுகிறதென்று அட்டை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எடுத்துருங்க சார்" என்றார், தலை நிமிராமல்.

வில்வநாதன் மேடைக்கு வந்து பெட்டிமுன் குனிந்தார். எல்லாப் பெட்டியிலும் இருக்கிற ஏற்பாடுதான், இரைச்சல் வருகிற பாதையில் இந்த அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் வெறும் இரைச்சல் என்று வெட்டிவிடுகிற ஒரு குமிழ். அதைத் திருப்பினார். 'ம்ம்ம்' நின்றது. எதற்கும் இருக்கட்டுமென்று கடைசிக் கோடு வரைக்கும் திருப்பினார், அந்தப் பாதையில் இனி எந்தச் சத்தமும் தப்பாதபடி. நல்ல தொழில்காரர் ஆகையால் சேவ் பண்ணிவிட்டுப் போனார்.

ஏழு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டது, மைதானம் நிறைந்திருந்தது, பஜ்ஜிக்கடைப் புகையும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து மேடை விளக்குகளில் சுழன்றன. பங்கஜம் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாதா பாட்டு முடிந்தது, இரண்டாவது பாட்டு முடிந்தது. ஜெசிந்தாவின் இடது காதில் ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை, தூங்குகிறான் என்று நினைத்தாள்; கூட்டத்தின் ஆரவாரத்தில் தூக்கத்தின் இரைச்சல் கேட்காதுதான் என்றும் நினைத்தாள். மூன்றாவது பாட்டில் லீட் வந்தது. இரண்டாவது மிதிகட்டையை மிதித்தாள். ஒன்பது மாதமாக விரலுக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மைதானம் கைதட்டியது, யாரோ "அக்கா! அப்படிப் போடு!" என்று கத்தினார்கள்.

அப்போது அவள் மார்பு கடுத்தது. பிறகு பால் இறங்கியது. ரவிக்கையின் முன்புறம் இரண்டு பக்கமும் சூடாக நனைந்து, கிடார் வாரின் அடியில் பரவியது.

அவளுடைய விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன. காதில் ஒன்றுமில்லை. பெட்டியின் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது, எல்லாம் சரி என்றது. ஆறு மாதமாக அவள் விளக்கைத்தான் நம்பியிருந்தாள். விளக்கு எரிந்தால் தூங்கினாள், விளக்கு மினுங்கினால் செத்தாள். உடம்பு அதற்கு எதிராக இப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை, பேசியிருந்தாலும் அழுகைச் சத்தத்துக்குப் பின்னால் வந்ததால் அவள் அதைக் காதில் வாங்கியதில்லை. இப்போது சத்தமே இல்லாத இடத்தில் அது தனியாகப் பேசியது. அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். பங்கஜம் அக்கா தாளம் போட்டுக்கொண்டு, புன்னகையோடு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ரபேலின் முதுகு தெரிந்தது, முகம் தெரியவில்லை. முதுகு அதிர்ந்தது.

கிடாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஜெசிந்தா மேடையிலிருந்து குதித்தாள்.

தோபியாஸ் அண்ணன் ஒரு கணம் விழித்தார், பிறகு அவள் விட்ட அந்த நாலு வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க ஆரம்பித்தார். தபேலாவும் அவரோடு சுற்றியது. கூட்டம் வழி விட்டது. அவள் பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். முகம் கன்றிப்போயிருந்தது, கண்ணீர் காது வரைக்கும் ஓடிக் காய்ந்து மறுபடி ஓடியிருந்தது, வாய் திறந்தபடி, எவ்வளவு நேரமாகவோ, இரண்டாயிரம் பேருக்கு நடுவில், அழுதுகொண்டிருந்தான். பின்வரிசையில் பத்துப் பேர் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பே ரபேலைக் காதால் பார்த்துப் பழகியிருந்தது, முகத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேடையின் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளின் மறைவில், நாலு பெண்கள் சேலையைப் பிடித்துத் திரை கட்ட, அவள் பால் கொடுத்தாள். பங்கஜம் அக்கா முன்னால் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"என் தோள்லதானடி கிடந்தான். நான் பாட்டைக் கேட்டுக்கிட்டு... மூணு பெத்தவ, எனக்கே தெரியலையே."

"எனக்கும்தான்க்கா, இத்தனை நாளா அந்தப் பெட்டியில கேட்டுத்தானே தெரிஞ்சுது" என்றாள் ஜெசிந்தா. "அழாதீங்க. உக்காருங்க."

வில்வநாதன் ஓடி வந்தார். விஷயம் கேட்டு முகம் வெளிறிப்போனார். "ஹம்முன்னு நெனச்சேம்மா. சத்தியமா கரண்டு ஹம்முன்னுதான்..."

"அது மூச்சுண்ணே" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? போய் எனக்கு லீட்ல கொஞ்சம் மேல்கட்டை குறைச்சு வைங்க, காதைக் குத்துது."

இருபத்திரண்டு சுற்று முடிந்தபோது அவள் மேடையில் ஏறினாள். தோபியாஸ் அண்ணன் நெற்றி வியர்வையோடு, "இன்னும் ரெண்டு சுத்து போயிருந்தா நான் கீபோர்டு மேலயே விழுந்திருப்பேன்" என்றார். அவள் இயர்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினாள். பங்கஜம் அக்கா நாற்காலியை இழுத்து மேடைக்கு நேர் கீழே போட்டு, ரபேலை மடியில் முகம் மேடையைப் பார்க்க உட்காரவைத்தாள். விட்ட இடத்திலிருந்து லீடை எடுத்த ஜெசிந்தா, அதன்பின் ஏழு பாட்டும் அந்த முகத்தைப் பார்த்தே வாசித்தாள். புருவம் நெளிந்தால் அவளுக்குத் தெரிந்தது. வாய் கோணும் முன்பே தெரிந்தது. ஆறாவது பாட்டில் அவன் கொட்டாவி விட்டதும் தெரிந்தது.

வீடு திரும்பியபோது ஒன்பதரை. தோபியாஸ் அண்ணன் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து மூலையில் வைத்து, குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி, ப்ளக்கைக் கையில் எடுத்தார்.

"வேணாம்ணே. காலையில போட்டுக்கலாம்."

"காலையிலயா?" அவர் ப்ளக்கைப் பிடித்தபடியே நின்றார். "ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு நான் இருக்கேன்."

அவர் பங்கஜம் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சவரித் தம்பியும் இல்லியே. நான் ஒரு ஓரமா..."

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா தனியாச் சாப்புட்டுத் தனியாப் படுக்கிறாரு. இன்னைக்காவது போய் அவர் குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கிடங்க."

"அந்தக் குறட்டைக்குப் பயந்துதான்டி இங்க வந்தேன்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். "கதவைச் சாத்திட்டுப் போறேன், என்ன?"

"நான் பாத்துக்கிறேன்க்கா. போங்க."

அவர்கள் போனார்கள். ஆறு மாதத்தில் முதல்முறையாக வீட்டில் எந்த விளக்கும் சிவப்பாகவும் எரியவில்லை, பச்சையாகவும் எரியவில்லை. எதுவும் இரையவில்லை. ரபேல் அவள் இடுப்பில் உட்கார்ந்து அவளுடைய முகத்தையே பார்த்தான், கீழுதடு லேசாக முன்னால் வந்தது. "தெரியுதுடா, இரு, வர்றேன்" என்றாள். மார்பு கடுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு கையால் அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளை உள்ளிருந்து அழுத்திப் போட்டாள்.